கரடிக்குப் போர்த்தாத பொன்னாடை

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயருக்கு எங்கள் சங்கம் வேறொருவருடைய முகத்தைக் கொடுத்துவிட்டது. ஆண்டுவிழா மலரில் அச்சடித்தும் விட்டார்கள். இனி நான் பெயரைச் சொன்னால் மொன்றியல் தமிழருக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும். அதைவிட வெறும் அக்காவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த கட்டடத்தில் அவர் கீழ்வீடு, நான் மேல்வீடு. டவுன்டவுனில் ஓர் உணவகத்துக் குசினியில் அவருக்கு வேலை. எத்தனை தடவை கழுவினாலும் கையில் வெங்காய வாசம் போகாது. ஒரே மகள். கணவரைப் பற்றிக் கேட்டவர்களுக்குத் தேத்தண்ணி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

எல்லோரோடும் நல்லாகக் கதைக்கிற அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பகை இருந்தது. மைக். எங்கள் ஆட்களுக்கு ஒரு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் தலைமையுரை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றால் போதும், அக்கா சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். நான் பின்னால் போனால் அங்கே நின்றபடி இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"மைக்கைக் கண்டால் மனிசருக்குத் தொண்டையே மாறிப்போகும், பிள்ளை. வீட்டில பெண்டாட்டி பிள்ளையோட ரெண்டு சொல்லுக் கதையாதவன், அங்க ஏறினால் இறங்கமாட்டான்."

இதை வேடிக்கையாகத்தான் சொல்வார், நானும் சிரிப்பேன். ஒருநாள் மட்டும், காட்போட் மட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது, அப்படி என்னதான் கோபம் என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிரவில்லை. "எங்கட சந்தியில மைக் கட்டி வைச்சுக் கதைச்சவை. ரத்தம் கொதிக்கக் கதைச்சவை. கதைச்சவன் ஒருத்தனும் சண்டைக்குப் போகேல்லை. கேட்டுக்கொண்டு நிண்ட என்ர தம்பிதான் போனவன்." பிறகு கத்திரிக்கோலை என் பக்கம் தள்ளி, இந்த ஓரத்தை நேராக வெட்டு என்றார். நான் வெட்டினேன்.

அந்த மட்டைகள் ஹலோவீனுக்கு. அக்கா தொடங்கிய ஹலோவீன் திருவிழா ஒரு பூட்டிலிருந்து தொடங்கியது என்றால் உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வேஷம் போட்டு வீடு வீடாகக் கதவு தட்டி இனிப்பு வாங்குகிற ஹலோவீன் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பூசணிக்காய் வரைந்துகொண்டு வருவார்கள், வேஷமும் போடுவார்கள், ஆனால் தட்டக் கதவு இல்லை. கதவு இருந்தது, திறக்க ஆள் இல்லை. பாதிப்பேர் பின்னேர வேலைக்குப் போயிருப்பார்கள். மீதிப்பேர் உள்ளேதான் இருப்பார்கள், ஆனால் முன்பின் தெரியாத தட்டலுக்குக் கதவு திறக்காத பழக்கம் எங்களோடு விமானமேறி வந்திருந்தது. கதவு தட்டினால் முதலில் லைட் அணையும், பிறகு டிவியின் சத்தம் குறையும். ஊரில் அப்படித்தானே உயிர் தப்பினோம். வெளியே நிற்பது சின்னச் சூனியக்காரி என்று உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் ஒரு வருடம் அக்கா தன் மகளையும் கட்டடத்துப் பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு பெரிய வீதியைக் கடந்து பணக்கார வீடுகள் இருக்கும் பக்கம் போனார். நானும் போனேன். இடையில் ஒரு கம்பிவேலி, அதில் ஒரு சின்னக் கதவு. மற்ற நாட்களில் திறந்து கிடக்கிற கதவு அன்றைக்குப் பார்த்துப் பூட்டிக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வாசல்களில் பூசணிக்காய்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. எங்கள் எலும்புக்கூடும் இளவரசியும் குளிர்ச்சட்டைக்குள் வேஷம் மறைந்துபோய், கையில் வெறும் பிளாஸ்டிக் பையோடு நின்றார்கள்.

"அம்மா, அவையளுக்கும் எங்களைப் போலப் பயமோ?" என்று மகள் கேட்டாள்.

அக்கா பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் நின்று, "வாற வருஷம் நாங்களே கதவு செய்வம்" என்றார். கோபத்தில் ஏதோ சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் உண்மையிலேயே கதவு செய்தார். வில்லரேப் பகுதியில் ஃபிரிட்ஜ் விற்கிற கடைகளில் கேட்டு ஆளுயரப் பெட்டிகளைச் சேர்த்து, சாமான் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். பக்கத்துத் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை ஃபாதர் சும்மா தந்தார். பெட்டிகளை வெட்டிக் கதவாக்கி, இரண்டு பக்கமும் நிற்க வைத்து, மண்டபத்தை ஒரு தெருவாக்கினார் அக்கா. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கூட்டம். ஒன்றில் தேவாலயத்துப் பெண்கள், ஒன்றில் எங்கள் கோயில் பெண்கள், ஒன்றில் பள்ளிக்கூடப் பெற்றோர் குழு, ஒன்றில் மூலைக் கட்டடத்து வங்காளிகள். பிள்ளை வந்து தட்டும். உள்ளே ஒரு விளையாட்டு, வெளியே வரும்போது கை நிறைய இனிப்பு.

சட்டம் கொஞ்சம்தான். தட்டினால் திறக்க வேண்டும். யாருடைய பிள்ளை என்று கேட்கக் கூடாது. கதவில் பெயர் எழுதக் கூடாது. மேடை இல்லை, மைக் இல்லை, நன்றியுரை இல்லை.

சண்டை வராமலில்லை. மண்டையோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கதவு வேண்டாம் என்றார்கள் கோயில் பெண்கள். சூனியக்காரிப் படம் இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் தேவாலயத்துப் பெண்கள். அக்கா இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "உங்கட கதவுக்குள்ள உங்கட விருப்பம். தட்டுற பிள்ளைக்கு மட்டும் திறவுங்கோ." கோயில் பெண்கள் இனிப்போடு உளுந்து வடையும் கொடுத்தார்கள். ரத்தக்காட்டேரி வேஷம் போட்ட ஒரு பையன் வடையைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கெச்சப் கேட்டான்.

முதல் வருடம் ஒரு வேடிக்கை. கடைசிக் கதவுக்குப் பின்னால் எங்கள் கட்டடத்து ஐயா ஒருவரை இருத்தியிருந்தோம். பிள்ளைகள் தட்டினார்கள், கதவு திறக்கவில்லை. திரும்பத் தட்டினார்கள். உள்ளேயிருந்து "ஆர் அது?" என்று மெல்லிய குரல் வந்தது. அவர் சும்மா கேட்கவில்லை. அந்தக் குரலை எங்களுக்குத் தெரியும். அக்கா ஓடிப்போய் மட்டையில் வாயை வைத்து, "ஆரெண்டு கேக்காமல் திறவுங்கோ ஐயா, ஒண்டும் நடக்காது" என்றார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. வெளியே முட்டளவு உயரத்தில் ஒரு பூசணிக்காய் நின்றது. ஐயா அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் இருந்த இனிப்பு முழுவதையும் அந்த ஒரு பிள்ளைக்கே கொடுத்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

வாசல் திறக்கிற நேரம் வந்ததும் அக்கா காணாமல் போய்விடுவார். சற்று நேரத்தில் ஒரு கரடி வரும். தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் எடுத்த உடுப்பு, ஒரு காது பிய்ந்து நாங்கள் தைத்தது. பிள்ளைகள் கரடியின் பிரெஞ்சுப் பெயரைச் சொல்லி "லூர்ஸ், லூர்ஸ்" என்று கத்திக்கொண்டு காலைக் கட்டிக்கொள்வார்கள். தேவாலயத்துப் பெடியன் யாரோ உள்ளே இருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதுகு ஸிப்பை இழுத்துவிடுகிற எனக்கு மட்டும் தெரியும். "ஆருக்கும் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் நன்றி சொல்ல வெளிக்கிட்டிடுவினம்" என்பார். அதனால் அந்தத் திருவிழாவின் ஒரு படத்தில்கூட அக்காவின் முகம் இல்லை. எல்லாப் படத்திலும் கரடி இருக்கிறது.

இனித் தலைவரைச் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தின் தலைவர். எப்போதிலிருந்து என்று அவருக்கே நினைவிருக்காது. வசதியான நோத்ர-டாம்-த-கிரேஸில் வீடு, வருமானவரிப் பத்திரம் நிரப்பும் அலுவலகம். கெட்ட மனிதர் என்று எழுதினால் எனக்கு மனம் ஆறும், ஆனால் அது உண்மையில்லை. எத்தனையோ பேருக்கு அகதி வழக்கில் உதவியவர். மேடை இல்லாத இடத்தில் அவருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஹலோவீனுக்கும் கோட் சூட்டோடு வந்து எங்கள் மட்டைத் தெருவின் நடுவில் நிற்பார். பிள்ளைகள் அவரை இடித்துக்கொண்டு ஓடுவார்கள். "எங்கே உங்கட அக்கா? சனத்தைக் கண்டால் ஒளிச்சிடுவா, பாவம், கூச்சக்காரி" என்பார் என்னிடம். கரடி பக்கத்தில்தான் நிற்கும்.

தேவாலயத்தின் கீழ்மண்டபத்துக் கூரை ஊறி, ஒரு கோடையில் அதை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடமும் இடம் தரவில்லை. அக்கா எங்கெல்லாமோ அலைந்து பார்த்தார். கடைசியில் மண்டபம் கேட்டுத் தலைவர் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டுச் சோபாவின் நுனியில் அக்கா உட்கார்ந்த விதம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

"ஹோல் நான் எடுத்துத் தாறன் தங்கச்சி, அதுக்கென்ன" என்றார் தலைவர். "பார்ட்டி ஹோல், நல்ல ஹோல். ஆனால் இவ்வளவு சனம் வருகுது. ஒரு வரவேற்புரைகூட இல்லையெண்டால் மற்ற ஆக்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? ஒரு சின்ன மேடை மட்டும் போடுவம்."

"எவ்வளவு சின்னது, அண்ணை?"

"சும்மா, நாலுபேர் நிக்க."

"பிள்ளையள் கதவு தட்டத்தான் வருதுகள். கதவு இருக்குமோ?"

"கதவில்லாமல் பிறகென்ன ஹலோவீன்! எல்லாக் கதவும் இருக்கும். நான் பொறுப்பு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா, "இந்த வருஷம் நடக்காட்டில் பிள்ளையள் திரும்ப அந்த வேலிக்குப் போகுங்கள்" என்றார். எனக்குச் சொல்லவில்லை, தனக்குச் சொன்னார். மேடைக்கு அவர் ஓம் சொன்னதற்கு அதைவிட வேறு காரணம் இல்லை.

கதவுகள் இருந்தன. தலைவர் பொய் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் அழகுக்காக வரிசையாக நிறுத்தி, விழாமல் இருக்க ஆணி அடித்து, சுற்றிவர டேப் ஒட்டியிருந்தார்கள். மண்டபம் முழுக்க நாற்காலி. அக்கா ஒரு கதவைத் தொட்டுப் பார்த்து, "இது திறக்காதோ?" என்று அங்கே நின்ற தொண்டரிடம் கேட்டார். "இது டெக்கரேஷன் அன்ரி" என்றான் அவன். அன்றைக்கு அக்கா கரடித் தலையை வழமையைவிட முந்தியே மாட்டிக்கொண்டார்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல. மங்கல விளக்கு ஏற்றினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து. போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம். வரவேற்புரை. ஆசியுரை. தலைமையுரை. நகரசபைக்காரர் ஒருவர் பிரதம விருந்தினர், அவருக்கு மாலை. பேய்களும் பூனைகளும் சிலந்திமனிதர்களும் வரிசையாக நாற்காலியில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். குசினிக்குள் பெட்டியில் இருந்த இனிப்பு எல்லாம் நிகழ்ச்சி முடிந்த பிறகாம். ஓர் எலும்புக்கூடு தாயின் மடியில் நித்திரையாகிவிட்டது. பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவின் ஹெயிட்டிப் பெண் குனிந்து, இது உங்கள் பூசையா என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

பிரதம விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண், தேனீ வேஷம், போன வருடமும் வந்தவளாக இருக்க வேண்டும், நாற்காலியை விட்டு இறங்கினாள். படியேறி, பேசுகிறவருக்குப் பின்னால் போய், ஒரு மட்டைக் கதவைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்தாள். திரும்பத் தட்டினாள். சபை சிரித்தது. தலைவர் எழும்பிப் போய் அவளுடைய கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார், அவள் கதவைப் பார்த்தபடியே அழத் தொடங்கினாள்.

அப்போது கரடி மேடையேறியது. அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக ஏறியது. தலைவர் மைக்கைப் பிடித்து, "சிவபூசைக்குள்ள கரடி எண்டு சும்மாவே சொன்னவை!" என்றார். அன்றைக்குக் கிடைத்த பெரிய கைதட்டு அதற்குத்தான். கரடி தேனீயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவால் நடந்து, மண்டபத்தின் பின்பக்கம் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தியது. தேனீயை வெளியே விட்டிருந்தது. அவள் தட்டினாள். கதவு திறந்தது. மயிர் அடர்ந்த கை ஒன்று வெளியே வந்து அவளுடைய பையை நிரப்பியது.

மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக எழும்பிக் குசினிக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். தட்டத் தட்டக் கதவு திறந்து திறந்து மூடியது. மேடையில் உரை தொடர்ந்தது.

அக்காவின் பெயர் மைக்கில் கேட்டது அப்போதுதான். சிறுவர் விழாவின் முன்னோடியைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்போகிறோம், எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். நான் குசினிக்குள் ஓடினேன். "அக்கா, உங்களைத்தான் கூப்பிடுகினம்."

"கேக்குது" என்றார் கரடிக்குள்ளிருந்து. கை இனிப்புப் பெட்டிக்குள் இருந்தது.

"போகேல்லையோ?"

"இஞ்ச வரிசையில பிள்ளையள் நிக்குது."

மூன்றாம் முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "வேலையாய் நிக்கிறா போல. அவவின்ர சார்பில என்ர மனைவி ஏற்றுக்கொள்ளுவா" என்றார் தலைவர். பூசணி நிறப் பட்டுச்சேலையில் அவருடைய மனைவி ஏறினார். போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் பொன்னாடை அக்காவின் வீட்டுக்கு வரவேயில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அடுத்த வருடத்துக்குக் கூட்டம் கூடியபோது அக்கா போகவில்லை. "மேடைக்கு வேலை செய்ய எனக்கு ஏலாது, பிள்ளை" என்றார். அந்த ஆண்டு பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள், பேச்சாளர்கள் கூடினார்கள். பிறகு மேடையில் யார் நடுக்கதிரையில் இருப்பது என்று சண்டை வந்து சங்கம் இரண்டானது. அதற்குப் பிறகு விழா இல்லை, கூட்டங்கள் மட்டும் நடந்தன. மகளுக்கு ரொறொன்ரோவில் வேலை கிடைத்தது, அவள் அக்காவையும் அங்கே ஸ்காபரோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கரடி உடுப்பை ஒரு கார்தெரிக்கு, குழந்தைகள் காப்பகத்துக்கு, கொடுத்துவிட்டுப் போனார், பிள்ளைகளோடு இருந்தால் கரடிக்கும் நல்லது என்று.

போன வருடம் தலைவர் பக்கம் இருந்த சங்கம் தன் ஆண்டுவிழாவுக்கு மலர் போட்டது. அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எழுதினேன். பிள்ளைகள் கரடியைக் கட்டிப்பிடித்து நிற்கிற படம் ஒன்றையும் கொடுத்து, இந்தக் கரடிதான் அவர் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் இப்போது பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார். கொஞ்சநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரிப் போனது. அன்றைக்குக் கரடியைப் பற்றி மைக்கில் சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ.

"முகம் தெரியாத படத்தை எப்பிடித் தங்கச்சி மலரில போடுறது?" என்றார் கடைசியில்.

மலர் வந்தது. நான் எழுதியதில் நாலு வரி இருந்தது. மேலே பொன்னாடை போர்த்தி, பூசணி நிறப் பட்டுச்சேலையில் தலைவரின் மனைவி. கீழே அக்காவின் பெயர். சார்பில் பெற்றவர் என்று போட இடம் போதவில்லையாம். "அந்தப் படத்திலதானே பொன்னாடை வடிவாத் தெரியுது" என்றார் தலைவர்.

மலர் வெளியீட்டு விருந்து வைத்த சனிக்கிழமை ஹலோவீனாகவும் அமைந்துவிட்டது. சிறுவர் விழா கண்ட சங்கத்தின் பெருவிழா என்று அழைப்பிதழில் தலைப்பு. அதன் அடியில், சிறுவர்களை அழைத்து வருவதைத் தவிர்க்கவும் என்று இருந்தது. நான் வாசலுக்குக் கிட்ட இருந்தேன். பிரதம விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக் கதவில் தட்டும் சத்தம். வெளியே குளிர்ச்சட்டைக்குள் வேஷம் மறைந்த பிள்ளைகள், கையில் பிளாஸ்டிக் பை, எதிர்க் கட்டடத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். டை கட்டிய தொண்டர் உள்ளே நின்றபடியே கையை ஆட்டி, போகச் சொன்னார். அவர்கள் இன்னொரு தடவை தட்டினார்கள். சத்தம் பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்ததாலோ என்னவோ, அவர் வாசல் லைட்டை அணைத்தார். நான் எழும்பி வெளியே போவதற்குள் அவர்கள் வீதியைக் கடந்துவிட்டார்கள்.

அடுத்தநாள் அக்காவுக்குப் போன் எடுத்தேன். படத்தைப் பற்றிச் சொன்னதும் இருமல் வரும்வரை சிரித்தார். "விடு பிள்ளை. அவ என்னைவிட வடிவு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா, உங்களுக்குக் கோபமே வராதா என்று கத்திவிட்டேன். அதற்கு அவர் வேறொன்றைக் கேட்டார்.

"நேற்று ஹலோவீன் எல்லோ? உங்கட ஹோலுக்குப் பிள்ளையள் ஆரும் வந்து தட்டினவையோ?"

"இல்லை அக்கா" என்றேன். "ஒருத்தரும் வரேல்லை."

"நல்லது" என்றார். "வந்து திரும்பிப் போயிருந்தால்தான் எனக்குக் கவலையா இருந்திருக்கும்."